நிரூபணம் என்றால் என்ன? சட்டமும் சான்றும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பழமொழி. ஆனால் ‘தீர’ என்பது எந்த இடத்தில்? எவ்வளவு விசாரித்தால் தீர விசாரித்ததாகும்? வரலாற்று ஆசிரியர் வாழ்நாள் முழுக்க விசாரிக்கலாம். விஞ்ஞானி அடுத்த தலைமுறைக்கு விட்டுவிட்டுப் போகலாம். நீதிமன்றம் அப்படி விட முடியாது, என்றாவது ஒரு நாள் தீர்த்தாக வேண்டும். ‘தீர்ப்பு’ என்ற சொல்லே ‘தீர்’ என்பதிலிருந்துதான் வந்தது. எங்கே விசாரணையை நிறுத்துவது, நிறுத்திய இடத்தில் எந்தத் தைரியத்தில் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்புவது என்பதுதான் சான்றுச் சட்டத்தின் அடியில் இருக்கும் தத்துவக் கேள்வி. இதைப் பற்றி என்னிடம் நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் இந்தியச் சட்டத்தை வைத்து.

நிரூபிக்கப்பட்டது என்றால் உண்மை என்றுதானே பொருள்?

இல்லை. சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும் ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதற்கு ஸ்டீஃபன் எழுதிய விளக்கம் அப்படியே தொடர்கிறது. அதன் சாரம் இது: தன் முன் வைக்கப்பட்டவற்றைப் பார்த்த பிறகு, ஒரு விஷயம் இருக்கிறது என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். அல்லது, விவேகமுள்ள ஒருவர் அந்தச் சூழ்நிலையில் அது இருப்பதாகவே வைத்துக்கொண்டு செயல்படும் அளவுக்கு அதற்கு வாய்ப்பு இருப்பதாகக் கருத வேண்டும்.

இதில் ‘செயல்படும் அளவுக்கு’ என்பதைக் கவனியுங்கள். உண்மையை எட்டிவிட்டோம் என்ற உரிமைகோரல் இதில் இல்லை. இதை நம்பி ஒரு காரியத்தில் இறங்கலாமா என்பதுதான் கேள்வி. பெண் கொடுக்கும் முன், நிலம் வாங்கும் முன் நாம் விசாரிப்பதும் இப்படித்தான். நூறு சதவீதம் தெரிந்த பிறகா வாங்குகிறோம்? வில்லங்கச் சான்றைப் பார்க்கிறோம், பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்கிறோம், மனம் ஒப்புகிறது, பத்திரம் முடிக்கிறோம். சென்னை சுங்க அதிகாரிகள் தொடர்ந்த ஒரு கடத்தல் சரக்கு வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. சட்டம் கேட்கும் நிரூபணம் குறையே இல்லாத நிரூபணம் அல்ல, பல நேரம் அது விவேகமுள்ள மனிதரின் மதிப்பீடுதான் என்றது.

அப்படியானால் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்றால் பொய் என்று அர்த்தமா?

இந்த ஒரு விஷயத்தை எல்லோரும் புரிந்துகொண்டால் போதும் என்று நான் பல முறை நினைத்ததுண்டு. சட்டத்தில் இரண்டு பெட்டிகள் அல்ல, மூன்று பெட்டிகள் இருக்கின்றன: நிரூபிக்கப்பட்டது, பொய்யென நிரூபிக்கப்பட்டது, நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவது பெட்டி, முதல் இரண்டிலும் சேராத எல்லாவற்றுக்கும் உரியது. அது அறியாமையை ஒப்புக்கொள்ளும் பெட்டி.

ஒரு பெண் புகார் கொடுக்கிறார், வழக்கு விடுதலையில் முடிகிறது. மறுநாளே “புகார் பொய்” என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். தீர்ப்பைத் திறந்து பார்த்தால் அங்கே பொய் என்ற சொல்லே இருக்காது, நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் இருக்கும். எதிர்ப்புறமும் இதே தவறு நடக்கிறது. விடுதலையானவரை “தப்பித்துவிட்டான்” என்கிறோம். அதுவும் நமக்குத் தெரியாது. மூன்றாவது பெட்டியில் இருப்பதை எடுத்து நம் வசதிக்கு முதல் பெட்டியிலோ இரண்டாவதிலோ போடும் உரிமை நமக்கு இல்லை.

தெரியாது என்றால் நீதிமன்றம் எப்படித் தீர்ப்பு சொல்கிறது?

அதற்குத்தான் நிரூபிக்கும் சுமை. இரு தரப்பும் எதுவுமே காட்டாவிட்டால் யார் தோற்பார்களோ அவர் மீதுதான் சுமை. கிரிமினல் வழக்கில் அது அரசுத் தரப்பு. கடன் கொடுத்தேன் என்று வழக்குப் போட்டால் கொடுத்ததாகச் சொல்பவர்.

விதிவிலக்குகள் உண்டு. காசோலை திரும்பிய வழக்கில், கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டுவிட்டால், கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியவர் காசோலை கொடுத்தவர். ஆனால் அவர் சந்தேகமறக் காட்டத் தேவையில்லை, தன் கதைக்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சிவில் வழக்குக்கும் கிரிமினல் வழக்குக்கும் ஏன் வேறு வேறு அளவுகோல்?

தவறு நடந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் பொறுத்து. இரண்டு பங்காளிகள் வரப்புத் தகராறில் தவறான தீர்ப்பு வந்தால் யாரோ ஒருவருக்கு நஷ்டம். எந்தப் பக்கம் தவறினாலும் நஷ்டம் ஏறக்குறைய சமம். அதனால் தராசு எந்தப் பக்கம் சற்றே சாய்கிறதோ அதுவே போதும். கொலை வழக்கில் அப்படி அல்ல. குற்றவாளியை விடுவிப்பதும் தவறு, நிரபராதியைத் தண்டிப்பதும் தவறு, ஆனால் இரண்டும் ஒரே எடை அல்ல. பத்துக் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி துன்பப்படக் கூடாது என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதினார். நம் ஊர்ப் பேச்சில் பத்து நூறாகிவிட்டது.

இந்த வாசகத்தை மந்திரம் மாதிரி ஓதக் கூடாது என்ற எச்சரிக்கையும் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1973இல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்ற விதியின் மீது அளவு கடந்த பக்தி வைத்தால் சமூகத்துக்குத்தான் கேடு என்றார். விதியையும் எச்சரிக்கையையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சுலபம், ஆனால் அது பாதி நியாயம்தான்.

‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்பது எத்தனை சதவீதம்?

இந்தக் கேள்விக்கு எந்த நாட்டு நீதிமன்றமும் எண்ணைச் சொல்ல விரும்புவதில்லை. சோம்பலோ பயமோ அல்ல, எண்ணால் சொல்ல முயன்றால் ஒரு விசித்திரமான இடத்தில் மாட்டிக்கொள்வோம். எல். ஜோனதன் கோஹன் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1977இல் அதை ஒரு புதிராகவே போட்டுக் காட்டினார். அவருடைய கதையில் வருவது குதிரைச் சாகச நிகழ்ச்சி. நாம் சர்க்கஸ் என்று வைத்துக்கொள்வோம்.

கூடாரத்துக்குள் 1000 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விற்ற சீட்டு 499. மீதி 501 பேர் வேலி தாண்டி வந்தவர்கள். யார் வாங்கினார், யார் தாண்டினார் என்று எந்தப் பதிவும் இல்லை. சர்க்கஸ்காரர் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து, “இவர் காசு கொடுக்காமல் வந்தார், கட்டணம் வாங்கித் தாருங்கள்” என்று சிவில் வழக்குப் போடுகிறார். சாய்வு போதும் என்றால் இங்கே சாய்வு இருக்கிறது, 50.1 சதவீதம். அவர் ஜெயிக்க வேண்டுமே? இதே கணக்கில் ஆயிரம் பேர் மீதும் தனித்தனியாக வழக்குப் போட்டால் ஆயிரத்திலும் ஜெயிப்பார். காசு கொடுத்த 499 பேரும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

எண்ணை 99 சதவீதமாக ஏற்றிப் பாருங்கள், நெருடல் போகாது. சிறை வளாகத்தில் 100 கைதிகள், 99 பேர் சேர்ந்து காவலரைத் தாக்கினார்கள், ஒருவர் ஒதுங்கி நின்றார், யார் என்று தெரியாது. ஏதோ ஒரு கைதியை நிறுத்தி “99 சதவீதம் இவர்தான்” என்று தண்டித்தால் நம் மனம் ஏற்காது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஒரு நேரடி சாட்சி “இவரைத்தான் பார்த்தேன்” என்றால் ஏற்கத் தயாராக இருக்கிறோம். எண் குறைவு, ஆனாலும் நம்பிக்கை அதிகம். அப்படியானால் நாம் தேடுவது எண்ணை அல்ல, வேறு எதையோ.

அந்த ‘வேறு ஏதோ’ என்ன?

பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. எனக்கு மிகவும் சரியாகப்படுவது இது: நல்ல சான்று உண்மையோடு ஒட்டியிருக்க வேண்டும். உண்மை வேறாக இருந்திருந்தால் சான்றும் வேறாக இருந்திருக்க வேண்டும். சர்க்கஸில் பிடிபட்டவர் சீட்டு வாங்கியிருந்தாலும் ‘499க்கு 501’ என்ற கணக்கு அப்படியேதான் இருந்திருக்கும். அந்தக் கணக்குக்கு அவர் யாரென்றே தெரியாது. நேரடி சாட்சி அப்படி அல்ல. தாக்கியது வேறொருவர் என்றால், அவர் பெரும்பாலும் வேறொருவரைத்தான் காட்டியிருப்பார்.

தமிழருக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதே இல்லை. மதுரை அரசவையில் கண்ணகி காட்டியது இப்படிப்பட்ட சான்றுதான். கோவலனுக்கு எதிராக என்ன இருந்தது? கையில் ஒரு சிலம்பு, பக்கத்தில் ஒரு பொற்கொல்லனின் சொல். திருட்டுப்போன பொருள் ஒருவரிடம் இருந்தால் அவரே திருடர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று அனுமானிக்க நம் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் அதே சட்டம், அந்தப் பொருள் எப்படி வந்தது என்று அவர் விளக்க இடம் விடுகிறது. கோவலனுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. அதோடு, காணாமல்போன சிலம்புதானா அது என்பதையும் யாரும் சோதிக்கவில்லை. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. அதாவது கோவலன் திருடியிருந்தாலும் திருடாவிட்டாலும் காவலர் கண்ணில் பட்ட காட்சி ஒன்றேதான். அது எதையும் பிரித்துக் காட்டாத சான்று.

கண்ணகி செய்தது என்ன? முதலில் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். இரண்டு கூற்றும் உடைப்பதற்கு முன்பே சபையில் வந்துவிட்டன. அப்புறம்தான் சிலம்பு உடைகிறது. முத்து தெறித்திருந்தால் அவள் தோற்றிருப்பாள். தோற்கவும் வாய்ப்புள்ள சோதனையில் ஜெயித்தாள், அதனால்தான் அந்த நிரூபணத்துக்குப் பிறகு மன்னனால் ஒரு சொல்லும் மறுத்துப் பேச முடியவில்லை. இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கண்ணகியின் துயரம் ஒரு காரணம். அந்தச் சோதனையைக் கொலைக்கு முன்பே செய்திருக்கலாமே என்பது இன்னொரு காரணம்.

டிஎன்ஏ சோதனையும் புள்ளிவிவரம்தானே, அதை மட்டும் எப்படி ஏற்கிறோம்?

நியாயமான கேள்வி. டிஎன்ஏ சான்றும் ஒரு சாத்தியக் கணக்கோடுதான் வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், சம்பவ இடத்தில் கிடைத்த ரத்தம் வேறொருவருடையது என்றால் சோதனை பெரும்பாலும் பொருந்தியிருக்காது. அது குறிப்பிட்ட மனிதரைத் தொடும் சான்று. ஆனாலும் எண்ணைத் தவறாகப் படிக்கும் ஆபத்து இங்கேயும் உண்டு. ‘இவர் நிரபராதி என்றால் இப்படிப் பொருந்த வாய்ப்பு லட்சத்தில் ஒன்று’ என்பது வேறு, ‘பொருந்தியிருப்பதால் இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு லட்சத்தில் ஒன்று’ என்பது வேறு. ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் லட்சத்தில் ஒருவருக்குப் பொருந்தும் என்றால் சுமார் நூறு பேருக்குப் பொருந்தும். வேறு எந்தச் சான்றும் இல்லையென்றால் இவர் அந்த நூறில் ஒருவர், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் ஒரு தாயின் வாழ்க்கையை அழித்திருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று 1999இல் தண்டிக்கப்பட்டார். விசாரணையில் ராய் மெடோ என்ற குழந்தை மருத்துவர், இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை தொட்டிலில் காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8543இல் ஒன்று, இரண்டு குழந்தைகள் இறப்பது 7.3 கோடியில் ஒன்று என்றார். 8543ஐ அதே எண்ணால் பெருக்கிய கணக்கு அது. ஒரே வீடு, ஒரே மரபணு என்னும்போது இரண்டு மரணங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எப்படிப் பெருக்குவது? அதைவிடப் பெரிய பிழை, ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது என்பதை யாரும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதது. பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கமே 2001இல் வெளிப்படையாக இந்தக் கணக்கைக் கண்டித்தது. 2003இல் அவர் விடுவிக்கப்பட்டார். 2007இல் இறந்துபோனார்.

ஒரே ஒரு சாட்சி போதுமா?

போதும். இத்தனை சாட்சி வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. 1957இல் வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். முதல் இரண்டு வகையில் சிக்கலே இல்லை. மூன்றாவது வகையில்தான் வேறு சான்றின் துணை தேவை. தலையை எண்ணாதே, எடையைப் பார் என்பதுதான் அதன் கருத்து. பொது வீதியில் பட்டப்பகலில் வெட்டு விழுந்தாலும் கூண்டில் ஏறப் பயப்படும் நாட்டில், இரண்டு சாட்சி கட்டாயம் என்று வைத்தால் பல குற்றங்களுக்குத் தண்டனையே இருக்காது.

முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிப் பேசி பிறழ் சாட்சியானவர் சொன்னதெல்லாம் குப்பைக்குப் போவதும் இல்லை. நெல்லையும் பதரையும் பிரித்தெடுப்பது நீதிபதியின் வேலை. ஒன்றில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய் சொல்வார் என்ற விதியை நம் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

சூழ்நிலைச் சாட்சியம் என்றால் பலவீனமான சாட்சியமா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள், தவறு. மனிதர் பொய் சொல்லலாம், பார்த்ததை மறக்கலாம். சேற்றில் பதிந்த கால்தடத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பிரச்சினை அதைப் படிக்கும் நம்மிடம்தான்.

இதற்கு இந்தியாவில் அடிப்படையாக இருப்பது 1984ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு. புனேயில் சயனைடு விஷத்தால் ஓர் இளம் மனைவி இறந்தார். கணவருக்குக் கீழ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்து, உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்து, ஐந்து நிபந்தனைகளை வகுத்தது. அவற்றின் உயிர் இதுதான்: ஒவ்வொரு சூழ்நிலையும் முதலில் தனியாக நிரூபணமாக வேண்டும், எல்லாம் சேர்ந்து குற்றத்தை மட்டுமே சுட்ட வேண்டும், நிரபராதி என்ற விளக்கத்துக்கு நியாயமான இடம் மிஞ்சக் கூடாது. ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்திருக்கவே வேண்டும்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் நீண்டது என்றும் நினைவூட்டியது.

தீர்ப்புகளில் இதைச் சங்கிலி என்பார்கள், ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் அறுந்தது. எனக்குத் தேர்வடம் இன்னும் பொருத்தமாகப்படுகிறது. ஒரு நார் எதையும் இழுக்காது, நூறு நார் முறுக்கினால் தேர் நகரும். இரண்டு உவமையும் வேறு வேறு இடத்தில் சரி. கொலை நடந்த வீட்டுக்கு அவர் போகவே இல்லை என்றால் மற்ற எதுவும் உதவாது, அங்கே அது சங்கிலி. அவர் போனார் என்பதை செல்போன் கோபுரம், சிசிடிவி, டீக்கடைக்காரர் என மூவர் சொன்னால் அது வடம், ஒன்று போனாலும் மற்ற இரண்டு தாங்கும்.

உண்மையாகவே இருந்தாலும் சில சான்றுகளை நீதிமன்றம் ஏன் தொடுவதில்லை?

உண்மையைக் கண்டுபிடிப்பது மட்டும் நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பதால். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்ற விதி 1872லிருந்தே உண்டு. அடித்து வாங்கிய வாக்குமூலம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வலி தாங்காத நிரபராதியும் அதே வார்த்தைகளைத்தான் சொல்வார். முன்பு சொன்ன அளவுகோலிலேயே அது தோற்றுப்போகிறது.

இதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் ஏற்கலாம். சென்னை மாகாணத்திலிருந்து, அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுகூரி கோட்டய்யா வழக்கு இதற்கு அழகான எல்லை போட்டது. “என் வீட்டுக் கூரையில் மறைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், கண்டுபிடிக்கப்பட்டது கத்தி அல்ல, கத்தி என்பது எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதுதான் கண்டுபிடிப்பு. “அதை வைத்து அவனைக் குத்தினேன்” என்று கூடச் சொன்னால் அந்த வார்த்தைகள் வெளியே போக வேண்டும். இன்றும் எத்தனையோ கைப்பற்றுதல் மகஜர்கள் (போலீஸ் கைப்பற்றிய பொருள்களைப் பதியும் ஆவணங்கள்) இந்த ஒரு வரியில் நிற்கின்றன அல்லது விழுகின்றன. 2010இல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் ஊசி, பொய் கண்டறியும் சோதனை எதையும் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே வழியில்தான்.

பழைய தமிழில் சான்று பற்றி யோசித்திருக்கிறார்களா?

நிறைய. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் ஒரு முழு வழக்கு விசாரணை இருக்கிறது. திருமண நாளில் வந்த முதியவர் ஒருவர் சுந்தரரைத் தன் அடிமை என்கிறார், ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபை கேட்பது: ஆட்சி, ஆவணம், காட்சி இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு. அதாவது வழிவழியாக அனுபவித்து வந்த வழக்கம், எழுத்து, கண்டவர் சாட்சி. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். அதை வாங்கிப் படித்து, சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்து வேறொரு ஓலையில் பாதுகாப்பாக இருந்ததைக் கொண்டுவந்து ஒப்புநோக்குகிறார்கள்.

மூலம், படி, கையெழுத்து ஒப்பீடு என்று இன்றைய சட்டத்தில் உள்ள மூன்றும் இதில் இருக்கின்றன. வந்த முதியவர் சிவன் என்பது பக்தர்களுக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது. சபையார் முறைப்படி நடந்துகொண்டதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாகக் கொடுக்கலாமா?

வெறும் அச்சுப்படியாக நீட்டினால் பெரும்பாலும் நிற்காது. அதுவும் படி ஓலை மாதிரிதான். மின்னணுப் பதிவின் நகலோடு சட்டம் சொல்லும் சான்றிதழ் வேண்டும் என்று 2014இலும் மறுபடி 2020இலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. புதிய சட்டத்தில் அந்தச் சான்றிதழுக்குத் தனிப் படிவமே உண்டு, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) குறிப்பிட வேண்டும். போனை மாற்றிவிடாதீர்கள், உரையாடலை அழித்துவிடாதீர்கள், உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தீர்ப்பு தவறு என்று பின்னால் தெரிந்தால்?

மேல்முறையீடு, உச்ச நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு, அதற்கும் பிறகு 2002இல் உருவான குறைதீர் மனு என்று படிகள் உண்டு. ஆனால் மேலே போகப் போகக் கதவு குறுகிக்கொண்டே போகும். எல்லா வழக்கையும் என்றென்றும் திறந்து வைத்திருந்தால் எதுவுமே தீராது என்பது சட்டத்தின் பதில். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தவறாகத் தண்டிக்கப்பட்டவர் சிறையில் கழித்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர ஒரு சட்ட ஏற்பாடு வேண்டும் என்று இந்திய சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த அறிக்கைக்குப் பிறகு எழுதப்பட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்களிலும் அதற்கென்று முழுமையான ஏற்பாடு இடம்பெறவில்லை.